ஆயா காத்திருக்கிறார், தாத்தா படகில் ஒட்ட மாட்டேன் என்கிறார்: இரவுக் காட்சி கம்போசிட் (பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும்) படத்துக்கு உதவி வேண்டும்

கல்மண்டபம்_லென்ஸ் | வெள்ளி, இரவு 11.42

எல்லோருக்கும் வணக்கம். நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கம். ஏழு வருடமாகக் கல்யாண ஆல்பம் வேலை செய்கிறேன். இப்போது கேட்பது தொழிலுக்கான படம் இல்லை, எங்கள் வீட்டுச் சுவருக்கு.

எங்கள் ஆயா நாற்பது வருடத்துக்கு மேல் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றவர். ராத்திரி 2 மணிக்கு எழுந்து போய்விடுவார். தாத்தா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர், காலமாகி 20 வருடம் ஆகிறது. சில நாட்களில் ஆயா ஏலத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும்போதே தாத்தாவின் படகு துறைமுகத்துக்குள் நுழையுமாம். நாலைந்து நாள் கடலில் இருந்துவிட்டு வருகிறவர், அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிற்றோடு நிற்பாராம். அந்த ஒரு நிமிடத்தைத்தான் படமாக்க வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறேன். சினிமாவில் ஒரு ஷாட் பார்ப்பது போல இருக்க வேண்டும், வெளிச்சம் அந்த மாதிரி விழ வேண்டும்.

ஆயாவுக்கு இப்போது 74. முட்டி போய்விட்டது, துறைமுகத்துக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. அதனால் அவரை எங்கள் மொட்டை மாடியில் உட்கார வைத்து, பின்னால் வெள்ளை பெட்ஷீட் கட்டி, ஒரு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் துணிப்பெட்டி விளக்கு) வைத்து எடுத்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது, அங்கே ஒரு ராத்திரி போய்ப் படகை எடுத்துவிட்டேன். தாத்தாவுக்கு உருப்படியாக இருப்பது ஒரே படம், 1978இல் ஸ்டூடியோவில் எடுத்தது. அதை ஸ்கேன் செய்து வெட்டிப் படகில் நிறுத்தினேன்.

மூன்று வாரம் உட்கார்ந்தும் ஒட்டவில்லை. நிழல் போட்டேன், நிறம் மாற்றினேன், மேலே ஆரஞ்சு-நீல கிரேடிங் (படம் முழுக்க ஒரே நிறச் சாயல்) போட்டேன். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள், "ஒட்டின மாதிரி இருக்கு". எங்கே தப்பு என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

பழைய_டார்க்ரூம் | சனி, காலை 6.15

தம்பி, முடித்த படத்தை மட்டும் போட்டால் சொல்ல முடியாது. மூன்று படத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். அப்புறம் இரண்டு விஷயம். ஆயாவை எடுக்கும்போது கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரம்? படகை எடுக்கும்போது எவ்வளவு?

கல்மண்டபம்_லென்ஸ் | சனி, காலை 9.30

போட்டிருக்கிறேன் சார். ஆயாவை எடுக்கும்போது நான் தரையில் உட்கார்ந்து எடுத்தேன், கேமரா இரண்டரை அடி இருக்கும். படகை ஒரு மதில் மேல் ஏறி நின்று எடுத்தேன், அங்கேயிருந்துதான் முழுப் படகும் தெரிந்தது. தரையிலிருந்து கண் வரை கணக்குப் போட்டால் பத்து அடி வரும். இது இவ்வளவு பெரிய விஷயமா? லென்ஸ் இரண்டுக்கும் 35 மி.மீ.தான். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) படகுக்கு 3200, ஆயாவுக்கு 100.

கட்அவுட்_தண்டையார்பேட்டை | சனி, காலை 11.05

பெரிய விஷயம்தான் தம்பி. ஒட்டின மாதிரி இருப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

நான் இருபது வருடம் சினிமா பேனர் வரைந்தவன். டிஜிட்டல் பிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் போனது, ஆனால் கண் போகவில்லை. கடற்கரையில் நின்று பாருங்கள். கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் உங்கள் கண் உயரத்தில்தான் இருக்கும். நின்றால் அதுவும் உயரும், உட்கார்ந்தால் இறங்கும். கேமராவுக்கும் அதுதான். உங்கள் கேமரா இரண்டரை அடியில் இருந்தால், சமதளத்தில் பக்கத்தில் நிற்கிறவனையும் தூரத்தில் நிற்கிறவனையும் அந்தக் கோடு தரையிலிருந்து இரண்டரை அடியில்தான் வெட்டும். ஆயாவின் படத்தில் கோடு அவர் கழுத்தருகில் போகிறது. படகின் படத்தில் கோடு பத்து அடி உயரத்தில், படகின் மேல்தளம் உள்ளே வரைக்கும் தெரிகிறது. அதாவது ஆயாவை ஒரு குழந்தை பார்க்கிறது, படகை மாடியில் நிற்கிறவன் பார்க்கிறான். ஒரே படத்தில் இரண்டு பேருடைய கண். பார்க்கிற சனத்துக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் உடனே கண்டுபிடித்துவிடும்.

துறைமுகத்துக்குள்ளே அலைதடுப்புச் சுவர் மறைப்பதால் அடிவானம் தெரியாது. பரவாயில்லை. தளத்தின் விளிம்பு, அதற்கு நேர் இணையாகப் போகும் கோடு எதுவாக இருந்தாலும் இரண்டை நீட்டிப் பாருங்கள், அவை சேரும் இடத்தில்தான் அடிவானம். அதில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு ஆயாவின் படத்தில் உள்ள கோட்டோடு பொருத்துங்கள். உங்கள் விஷயத்தில் பொருந்தாது, மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, லென்ஸ் 35 என்பது பெரிதில்லை. தூரம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கும். ஆயாவைக் கதையில் பத்து அடி தள்ளி வைக்கப் போகிறீர்கள் என்றால் மாடியிலும் பத்து அடி தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். ஆறு அடியில் எடுத்துச் சிறிதாக்கி வைத்தால் முட்டி பெரிதாகவும் முகம் சிறிதாகவும் இருக்கும்.

லைட்யூனிட்_வியாசை | சனி, இரவு 10.50

ஷூட்டிங் முடித்து இப்போதுதான் வந்தேன். வியாசர்பாடிக்காரன், சினிமா லைட் யூனிட்டில் இருக்கிறேன்.

அண்ணன் சொன்னது சரி, அதோடு வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். தம்பி, உங்கள் படத்தில் சோர்ஸ் எங்கே? செட்டில் கேமராமேன் வந்ததும் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். ஜன்னலா, தெருவிளக்கா, அடுப்பா, நிலாவா? கதைக்குள்ளே ஒரு விளக்கு இருக்க வேண்டும், அப்புறம் நாம் வைக்கும் லைட் எல்லாம் அந்த விளக்குக்குத் துணையாகத்தான் நிற்க வேண்டும். உங்கள் படகுப் படத்தில் வெளிச்சம் உயரக் கம்பத்திலிருந்து, இடப்பக்கம், மேலே இருந்து விழுகிறது. நிழல் விளிம்பு கூராக இருக்கிறது. ஆயா மேலே வலப்பக்கம் சாஃப்ட்பாக்ஸ், மெத்தென்ற வெளிச்சம், தாடைக்குக் கீழே நிழலே இல்லை. தாத்தா ஸ்டூடியோவில் முன்னால் இரண்டு விளக்கு வைத்து எடுத்தது. மூன்று பேருக்கும் மூன்று சூரியன். மேலே எவ்வளவு கிரேடிங் போட்டாலும் திசை மாறாது. நிறத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், திசையையும் நிழலின் கூர்மையையும் மாற்ற முடியாது.

நிழல் கூராக விழுவதும் மெத்தென்று விழுவதும் விளக்கின் அளவைப் பொறுத்தது, அதாவது பொருளிலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை. உயரக் கம்பத்து விளக்கு பெரிய விளக்குதான், ஆனால் தூரத்தில் இருப்பதால் புள்ளி மாதிரி. உங்கள் சாஃப்ட்பாக்ஸ் மூன்றடிதான், ஆனால் ஆயாவுக்கு நாலு அடி பக்கத்தில் இருப்பதால் அவருக்கு அது ஒரு ஜன்னல். சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு வெறும் ஃப்ளாஷை உயரமாக, எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

ஆனால் மேலிருந்து வரும் வெளிச்சம் மட்டும் இருந்தால் கண்குழி கறுத்துப்போகும், ஆயாவின் முகம் தெரியாது. அதற்கு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைவிளக்கைக் காட்டுங்கள், படத்துக்குள்ளேயே தெரியட்டும். அதன் பின்னால் சின்ன ஃப்ளாஷை ஒளித்து வையுங்கள். கை அரை மீட்டரில் இருக்கிறது, முகம் ஒரு மீட்டரில் இருக்கிறது என்றால் முகத்துக்குக் கையில் விழுவதில் கால் பங்குதான் விழும், தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்று. அந்த இறக்கம்தான் பார்க்கிறவனை "விளக்கு அங்கேதான் இருக்கிறது" என்று நம்ப வைக்கும். கை பளிச்சென்று, முகம் மங்கலாக. முகத்தையும் கையையும் சமமாக்கிவிடாதீர்கள், கல்யாண ஆல்பம் பழக்கத்தில் கை தானாகப் போகும்.

கல்மண்டபம்_லென்ஸ் | ஞாயிறு, காலை 8.10

அண்ணே, மூன்று சூரியன் என்று சொன்னதும் படத்தைத் திறந்து பார்த்தேன், இப்போது வேறு எதுவுமே கண்ணில் படமாட்டேன் என்கிறது. சரி, ஆயாவை மறுபடி எடுக்கிறேன். படகையும் எடுக்கிறேன். தாத்தாவை என்ன செய்வது? அவரை மறுபடி எடுக்க முடியாதே.

வெண்மணல்_ரீடச் | ஞாயிறு, காலை 10.20

நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் ரீடச்சிங் செய்கிறேன். விளிம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தாத்தா விஷயத்தைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

வெள்ளை பெட்ஷீட் முன்னால் எடுத்தால் அந்த வெள்ளை ஆயாவின் நரைமுடியைச் சுற்றியும் தோள் ஓரத்திலும் ஏறிக்கொள்ளும். எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் இருட்டுப் படத்தில் அது ஒளிவட்டம் மாதிரி நிற்கும். ராத்திரிக் காட்சிக்குப் பின்னணியே வேண்டாம். ராத்திரி மாடியில், பின்னால் இருக்கும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இருட்டுக்கு முன்னால் உட்கார வைத்து எடுங்கள். அப்புறம் ஆயாவின் படத்தைப் படகுப் படத்தின் மேல் லேயராக (அடுக்காக) வைத்து, லைட்டன் மோடில் (இரண்டில் எது வெளிச்சமோ அதை மட்டும் காட்டும் முறை) போட்டால் இருட்டு தானாகக் கரைந்துபோகும், முடியை வெட்ட வேண்டிய வேலையே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஆயாவுக்குப் பின்னால் வரும் இடம் படகுப் படத்திலும் இருட்டாக இருக்க வேண்டும். அங்கே விளக்கு இருந்தால் ஆயாவின் உடம்புக்குள்ளே அது தெரியும்.

இரண்டாவது, தரை. காசிமேட்டில் ஏலத் தரை என்றைக்காவது காய்ந்து இருக்கிறதா? ஐஸ் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர். ஈரத் தரையில் ஒவ்வொரு விளக்கும் பார்க்கிறவனை நோக்கி நீளமாக விழும், உட்கார்ந்திருப்பவரும் தலைகீழாகத் தெரிவார். உங்கள் படத்தில் படகின் தரை ஈரம், ஆயா காய்ந்த சிமெண்டில் உட்கார்ந்தவர், அதனால்தான் மிதக்கிறார். பிரதிபலிப்பைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினாலும் சரியாக வராது, தண்ணீர் பொருளைக் கீழேயிருந்து பார்க்கிறது, கூடையின் அடிப்பக்கம்தான் அதில் தெரிய வேண்டும். மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு எடுங்கள். நாலு குடம் தண்ணீர் மூன்று நாள் கம்ப்யூட்டர் வேலையை மிச்சம் பிடிக்கும். ஆயாவுக்குக் கீழே மட்டும் ஒரு பலகை போடுங்கள், சளி பிடிக்கப் போகிறது.

மூன்றாவது, நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல். படகை ஐஎஸ்ஓ 3200இல் எடுத்தேன் என்கிறீர்கள், ஆயா 100இல். ஒன்று மணல், ஒன்று கண்ணாடி. எல்லாவற்றையும் சேர்த்து முடித்த பிறகு, கடைசியாக, மொத்தத்துக்கும் மேலே ஒரே கிரெயின் (மணல் போன்ற புள்ளி) போடுங்கள்.

பழைய_டார்க்ரூம் | ஞாயிறு, மாலை 5.40

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா வண்ணாரப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தார், அப்புறம் நான் நடத்தினேன். காலமானவரைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுங்கள் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்திருப்பார், பெண் வந்து அழுவாள், என் பக்கத்தில் நிற்கிற மாதிரி போட்டுக் கொடுங்கள் என்று. பிளேடால் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மெல்லியதாக்கி, ஒட்டி, பிரஷ்ஷால் வண்ணம் தொட்டு, மறுபடி படம் பிடித்து நெகடிவ் எடுப்போம். அது ஏன் நன்றாக இருந்தது தெரியுமா? இரண்டு படமும் ஸ்டூடியோ வெளிச்சம். எல்லோரும் ஒரே மாதிரி, முன்னால் விளக்கு. பையனும் அப்பாவும் வேறு வேறு வருடத்தில், ஆனால் ஒரே வெளிச்சத்தில் நின்றவர்கள். உங்கள் தாத்தாவின் படம் அந்த மாதிரிச் சேர்க்கைக்குத்தான் ஆகும். ராத்திரிப் படகுக்கு ஆகாது, அவர் முகத்தில் நிழலே இல்லையே.

இந்த வேலை இன்றைக்கு வந்ததில்லை. 1850களில் குஸ்தாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் எடுத்து ஒன்றாக அச்சிட்டார். அந்தக் காலத்துத் தகடு நீல நிறத்துக்குத்தான் அதிகம் வேலை செய்யும், கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துவிடும், அதனால் வேறு வழி இல்லை. 1857இல் இங்கிலாந்தில் ரெய்லாண்டர் 30க்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து நாடக மேடை போல ஒரே படம் செய்தார். அவர் ஆட்களைத் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் எடுத்தார், ஆனால் எங்கே வைக்கப்போகிறோம் என்று முதலிலேயே வரைந்து வைத்துக்கொண்டு எடுத்தார். நீங்கள் எடுத்துவிட்டு வரைகிறீர்கள். முதலில் ஒரு தாளில் வரையுங்கள் தம்பி.

தாத்தாவுக்கு முகம் வேண்டாம் என்பது என் கருத்து. அவர் மாதிரி உடம்பு வாகு உள்ளவர் வீட்டில் யாராவது இருப்பார். அவரை நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்து, உருவத்தை மட்டும் காட்டுங்கள். இருபது வருடம் கழித்து ஆயாவுக்கு நினைவில் இருப்பது முகத்தைவிட நிற்கும் விதமாக இருக்கலாம்.

எண்ணூர்_முகத்துவாரம் | ஞாயிறு, இரவு 9.15

எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, நேரடியாகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் கழிமுகம் முழுக்கப் படிந்தது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர், எல்லாம் கருப்பு. நான் தினமும் போய் எடுத்தேன். அந்தப் படங்களில் ஒரு புள்ளியைக்கூட நான் சேர்க்கவோ எடுக்கவோ மாட்டேன், ஏனென்றால் அது சாட்சி. யாராவது ஒருவர் அழகுக்காக ஒரு பறவையை அதில் ஒட்டினால் எல்லாப் படத்தையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள், எங்கள் சனத்தின் இழப்பும் அதோடு பொய்யாகிவிடும். வடசென்னையைப் படம் எடுக்கிறவர்கள் இந்தக் கம்போசிட் வழியில் போனால் நாளைக்கு எதை நம்புவது? இன்னொருவர் நின்று தாத்தா என்று சொல்வது சரியா?

பழைய_டார்க்ரூம் | ஞாயிறு, இரவு 10.05

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, செய்திப் படத்துக்கு அந்த விதி இருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சண்டை பழையது. 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ் சேர்த்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணும் சுற்றி அவள் குடும்பமும் இருக்கிற மாதிரி ஒரு படம் செய்தார். ஓவியத்தில் வந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். புகைப்படம் என்பதால் இவ்வளவு துக்கத்தைக் காட்டலாமா என்று பலர் கொதித்தார்கள். புகைப்படத்தை நடந்தது என்றே எடுத்துக்கொள்ளும் பழக்கம் அப்போதே இருந்தது. அதனால் எங்கே மாட்டுகிறோம், என்ன சொல்லி மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். தம்பி அதை வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறார், வெளியே காட்டினால் சேர்த்துச் செய்தது என்று எழுதட்டும். அதில் பொய் இல்லை.

எண்ணூர்_முகத்துவாரம் | ஞாயிறு, இரவு 10.30

எழுதுவார் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சரி, நானும் ஒன்று சொல்கிறேன். தூரத்தில் இருப்பது எதுவும் முழுக் கருப்பாக இருக்காது. எங்கள் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளை ராத்திரி எடுத்துப் பாருங்கள், கடல் ஈரமும் தூசியும் விளக்கு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சாம்பல் பூசியிருக்கும். தாத்தாவின் உருவம் ஆயாவின் நிழலைவிடக் கருப்பாக இருந்தால் அவர் படகிலிருந்து முன்னால் வந்துவிடுவார். கர்வ்ஸில் (வெளிச்சம், இருட்டு அளவை மாற்றும் கருவியில்) அவருடைய கருப்பைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், படகின் கருப்பு எவ்வளவோ அவ்வளவு.

நெத்திலி_அக்கா | திங்கள், பகல் 2.20

நான் போட்டோ எடுக்கிறவள் இல்லை, என் அம்மாவும் காசிமேட்டில் கூடை வைத்து விற்றவர், அதனால் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் படத்தில் ஆயா கையை மடியில் வைத்துக்கொண்டு படகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் யாரும் அப்படி உட்கார மாட்டார்கள். கை ஏதாவது செய்துகொண்டே இருக்கும். அம்மா சுருக்குப்பையைப் பிரித்துப் பணத்தை எண்ணி, ஏலத்துக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக மடித்து இடுப்பில் செருகுவார். சும்மாடு சுற்றிக்கொண்டிருப்பார். படகு வருவதைக் கண் பார்ப்பதற்கு முன்னால் காது கேட்டுவிடும், எஞ்சின் சத்தத்தை வைத்தே இது யார் படகு என்று சொல்வார்கள். அப்போது கை அப்படியே நிற்கும், தலை திரும்பாது, கண் மட்டும் லேசாக அந்தப் பக்கம் போகும். அதை எடுங்கள்.

விளக்கும் அப்படித்தான். இப்போது இருக்கிற வெள்ளை விளக்கு அப்போது கிடையாது. மஞ்சள் விளக்கு, அதில் சங்கராவும் ஒன்றுதான் கானாங்கெளுத்தியும் ஒன்றுதான், நிறமே தெரியாது. அம்மா செவுளைத் திறந்து டார்ச் அடித்துத்தான் சிவப்பு பார்ப்பார்.

லைட்யூனிட்_வியாசை | திங்கள், இரவு 11.30

அக்கா சொன்னது எங்கள் வேலைக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா. அது சோடியம் விளக்கு. வெளிச்சத்தின் நிற அளவில் 2000 கெல்வின் பக்கம் வரும் (எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்), நீலம் அதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் நீலப் படகு அந்த வெளிச்சத்தில் கருஞ்சாம்பலாகத்தான் தெரியும், ஆயா நீலப் புடவை கட்டியிருந்தால் கருப்புப் புடவை. எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு பூசினால் சோடியம் ஆகிவிடாது, நீலத்தையும் பச்சையையும் முதலில் சாகடிக்க வேண்டும், அப்புறம்தான் மஞ்சள்.

மாடியில் ஃப்ளாஷ் மேல் முழு சி.டி.ஓ. ஜெல் (விளக்கின் மேல் ஒட்டும் ஆரஞ்சு நிறத் தாள்) இரண்டு ஒட்டுங்கள். ஒன்று போட்டால் 3200 பக்கம் வரும், வீட்டுக் குண்டு பல்பு நிறம். இரண்டு போட்டால்தான் சோடியம் பக்கத்தில் வரும். ஐஸ் பெட்டிப் பக்கம் இருக்கும் டார்ச்சுக்கு ஜெல்லே வேண்டாம், அது வெள்ளையாக இருக்கட்டும். படம் முழுக்க நிறம் செத்துக் கிடக்கும், டார்ச் விழுகிற இடத்தில் மட்டும் நிறம் உயிரோடு இருக்கும். அந்த டார்ச் ஆயாவின் கையிலும் பணத்திலும் விழட்டும். கதை முடிந்தது.

நிழலை லேசாக்கும் நிரப்பு வெளிச்சம் வேண்டுமானால் இன்னொரு லைட் வாங்க ஓடாதீர்கள், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் அடித்துத் திருப்புங்கள். சத்யஜித் ரேயின் கேமராமேன் சுப்ரதா மித்ரா 1950களில் காசி வீட்டு முற்றத்தைச் செட்டாகப் போட்டபோது மேலே துணியை இழுத்துக் கட்டி, கீழேயிருந்து விளக்கை அதில் அடித்து, திறந்த வானத்து வெளிச்சத்தை அப்படித்தான் கொண்டுவந்தார்.

கல்மண்டபம்_லென்ஸ் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.00

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஜூன் 14ஓடு 61 நாள் தடை முடிந்து படகெல்லாம் போய்த் திரும்பும் வரை காத்திருந்தேன், ஏலக் கூட்டம் இல்லாமல் அந்த இடம் அந்த இடமாகவே இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இந்த மாதிரி படம் செய்ய நினைக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் டார்க்ரூம் சார் சொன்ன மாதிரி வரைந்தேன். ஒரு நோட்டில் கேமரா உயரம் மூன்று அடி, ஆயாவுக்குப் பத்து அடி, படகின் அணியத்துக்கு நாற்பது அடி, கம்பத்து விளக்கு இடப்பக்கம் பின்னால் என்று எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கு அப்புறம் எல்லாம் அந்த நோட்டுப்படிதான்.

காசிமேட்டில் கேட்டுக்கொண்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு ஸ்டாண்ட் போட்டேன். நான் நினைக்காத இரண்டு பிரச்சினை. படகு கட்டிக் கிடந்தாலும் தண்ணீரில் ஆடுகிறது, ஸ்டாண்ட் எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் அடுத்தடுத்த இரண்டு படம் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் தளமும் கூட்டமும் ஒரு படம், படகு முழுவதும் வேறு ஒரே படம் என்று பிரித்துக்கொண்டேன், படகைப் பல துண்டாக எடுக்கவே கூடாது. அடுத்தது புது எல்இடி விளக்கு. சிலது துடிக்கிறது, வேகமான ஷட்டரில் படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டரை 1/50 நொடியில் வைத்ததும் சரியாகிவிட்டது. வெள்ளை வெளிச்சத்தை அப்புறம் கம்ப்யூட்டரில் நீலத்தையும் பச்சையையும் இறக்கிச் சோடியமாக்கினேன். வியாசை அண்ணே, படகு நீங்கள் சொன்ன மாதிரியே கருஞ்சாம்பல் ஆனது, அந்த நிமிடம்தான் இது பழைய காசிமேடு மாதிரி தெரிந்தது.

ஆயாவை மாடியில் எடுத்தது ஒரே இரவு, இரண்டு மணி நேரம். தரை நனைத்தது, பலகை போட்டது, வேட்டி கட்டியது எல்லாம் நடந்தது. நெத்திலி அக்கா சொன்னதை ஆயாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பழைய சுருக்குப்பையை எடுத்துவந்தார், நாலு வருடமாக அதைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பத்து ரூபாய் நோட்டுகளை எண்ண ஆரம்பித்தார். நான் படகு எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வந்திருந்தேன், சொல்லாமல் பின்னால் போட்டேன். விரல் நின்றது. தலை திரும்பவில்லை. அந்த ஒரு படம் போதும்.

தாத்தாவுக்கு என் பெரிய மாமா நின்றார், அதே தோள், அதே உயரம். மாடித் தண்ணீர்த் தொட்டி மேலே ஏற்றி, பின்னால் வெறும் ஃப்ளாஷ், கையில் துறைமுகத்திலிருந்து கேட்டு வாங்கிய கயிறு. தொட்டி உயரமும் அணியத்தின் உயரமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் கோடு பொருந்தியது. கருப்பைத் தூக்கி வைத்தேன். எல்லாம் சேர்த்து 11 லேயர், முதல் படத்தில் 64 இருந்தது.

இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

கட்அவுட்_தண்டையார்பேட்டை | ஞாயிறு, இரவு 8.40

கோடு போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரே கண்தான் பார்க்கிறது. அந்த விரல் தம்பி, அந்த நடுவிரலில் மடங்கி நிற்கிற நோட்டு. பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைட்யூனிட்_வியாசை | திங்கள், அதிகாலை 1.15

டார்ச் அரை ஸ்டாப் (வெளிச்ச அளவின் ஒரு படியில் பாதி) குறைக்கலாம், முகத்துக்கும் கைக்கும் இடையில் இறக்கம் இன்னும் கொஞ்சம் தெரியட்டும். மற்றபடி சோர்ஸ் சரி, நிழல் சரி. ஈரத் தரையில் மஞ்சள் ஓடி வந்து ஆயாவின் பலகையில் முட்டி நிற்பது கைகாசு போட்டு வாங்க முடியாத விஷயம். ஆயா பார்த்தாரா? என்ன சொன்னார்?

கல்மண்டபம்_லென்ஸ் | திங்கள், இரவு 9.50

டார்ச்சைக் குறைத்துவிட்டேன் அண்ணே, நீங்கள் சொன்னது சரி.

ஆயாவுக்கு இன்றைக்குத்தான் பிரிண்ட் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். தன்னைப் பார்க்கவில்லை, நேராகப் படகுக்குத்தான் விரலைக் கொண்டுபோனார். "இது யாரு, உங்க மாமனா? நிக்கிறது அப்பிடியே உங்க தாத்தாதான்டா" என்றார். அப்புறம் இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "ஆனா அவரு கயிறை எடது கையாலதான் வீசுவாரு" என்றார்.

தாத்தா இடது கைக்காரர் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. அம்மாவைக் கேட்டேன், ஆமாம், சாப்பிடுவதற்கு மட்டும்தான் வலது கை என்கிறார். மாமாவின் லேயரை மட்டும் இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தேன், தோளில் விழும் விளிம்பு வெளிச்சம் கம்பத்துக்கு எதிர்ப் பக்கம் போய்விடுகிறது. திருப்பி ஒப்பேற்ற முடியாது.

மாமாவுக்குப் போன் செய்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வருகிறார். வியாசை அண்ணே, அந்த இரண்டு சி.டி.ஓ. ஜெல்லில் ஒன்று சூட்டில் சுருங்கிவிட்டது, மிண்ட் தெருப் பக்கம் எங்கேயாவது கிடைக்குமா, இல்லை உங்களிடம் ஒரு துண்டு இருந்தால் நான் வியாசர்பாடிக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

லைட்யூனிட்_வியாசை | திங்கள், இரவு 11.58

வீட்டில் அரை ரோல் கிடக்கிறது. சனிக்கிழமை எனக்கு ஷூட்டிங் இல்லை, நானே கொண்டுவருகிறேன், தொட்டி மேலே லைட் வைக்கிற கோணத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். கை மாறினால் கயிற்றின் நிழல் முகத்தில் விழும், விளக்கை ஒரு அடி பின்னால் தள்ள வேண்டியிருக்கும்.